பெயர் விளங்காத இரண்டு ஃபைல்கள்

எங்கள் தொழிற்சாலையில் மாதம் ஒரு முறையாவது ஒவ்வொருவருக்கும் நெஞ்சு திக்கென்று ஆக வேண்டும். இது விதி. கார் கதவுக்கான கீல்களை பிரஸ்ஸில் அழுத்தி வளைக்கும் இடம். நூற்றிருபது பேர் வேலை செய்கிறோம். மயிரிழையில் தப்பிய சம்பவங்களை அவ்வப்போது எழுதிக் கொடுத்துவிட்டால் நிஜ விபத்து வராது என்பது ஜப்பானில் எங்கள் மிகாவா பக்கத்துத் தொழிற்சாலைகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. அப்படி எழுதுவதைத் திக் சீட்டு என்போம். ஆளுக்கு ஒன்று, மாதக் கடைசிக்குள். ஒரு மாதம் முழுக்கத் திக்கென்று ஆகாதவன் கவனமில்லாதவன் என்று கணக்கு. ஆகவே எல்லோருக்கும் ஆகிவிடும். படிக்கட்டில் கால் வழுக்கப் பார்த்தது. ஸ்டேப்ளர் விரலைக் கடிக்கப் பார்த்தது. தேநீர் நாக்கைச் சுடப் பார்த்தது. பதினோரு வருடத்தில் எங்கள் படிக்கட்டில் வழுக்கப் பார்த்த கால்களை எண்ணினால் ஒரு பூரானுக்கே பொறாமை வரும்.

இந்தச் சீட்டுகளுக்கெல்லாம் அதிபதி பாதுகாப்பு மேம்பாட்டுப் பிரிவின் தலைவர் குரிபயாஷி. பிரிவுத் தலைவரை எங்கள் ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, காச்சோ என்றுதான் அழைப்போம். காச்சோ சீட்டுகளை எண்ணுவார். எண்ணி, வரைபடம் போட்டு, வரைபடத்துக்கு மூன்று நிறம் தீட்டுவார். படிப்பது மாதக் கடைசியில். சில மாதங்களுக்குக் கடைசியே வராது.

காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறுங்கள் என்று தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. பட்ஜெட் வரவில்லை. அப்படிப்பட்ட வேலைகள் என்னிடம்தான் வரும். என் பெயர் நுகாகா, வயது நாற்பத்தொன்பது. என்றோ ஒரு நாள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவியெடுத்த குற்றத்துக்காகக் கணினித் துறையாக நியமிக்கப்பட்டவன். துறையில் நான் ஒருவன்தான்.

டைப்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் நிரலை எழுதினேன். அந்த மொழியில் எந்தத் தகவல் எந்த வகை என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். எந்திர எண் என்றால் எண்தான். அபாயம் என்றால் சிறிது, நடுத்தரம், பெரிது, இந்த மூன்றில் ஒன்றுதான். வேறு எதையாவது நுழைக்கப் பார்த்தால் நிரல் ஓடுவதற்கு முன்பே சிவப்புக் கோடு போட்டுத் தடுத்துவிடும். சீட்டுகளைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற இலவச டேட்டாபேஸை எடுத்துக்கொண்டேன். அதற்குத் தனி சர்வர் வேண்டாம், நிர்வாகி வேண்டாம், முக்கியமாக யாருடைய அனுமதியும் வேண்டாம். மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். அதை என் நிரலோடு இணைக்க ஐந்து வரி போதும்: ஃபைல் இருக்கும் இடம் இது, திற, அட்டவணை இல்லாவிட்டால் உண்டாக்கு. அந்த ஐந்து வரி எழுத எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. திட்டத்துக்குப் பெயர் வைக்க மூன்று கூட்டம் ஆயிற்று. 'அடுத்த தலைமுறைப் பாதுகாப்பு அறிவு மேடை' என்று முடிவானது. தேநீர் நாக்கைச் சுடப் பார்த்த செய்தி இனி அந்த மேடையில் ஏறும்.

அறிமுக விழாவில் தொழிற்சாலைத் தலைவர் டோக்கிவா டேட்டாபேஸைப் பார்க்க வேண்டும் என்றார். நீல விளக்கு மினுக்கும் இரும்பு அலமாரியை எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. நான் ஃபைலைக் காட்டினேன்.

"இவ்வளவுதானா?"

"ஒரே ஃபைல்ங்க. அதுதான் இதோட அழகே."

"என் பேத்தி போட்டோ இதைவிடப் பெருசு," என்றார்.

ஆனாலும் காச்சோவுக்கு அது பிடித்துப்போயிற்று. பார்வையாளர்கள் வந்தால் காட்டுவதற்கு வசதியாகத் தன் மேசைக் கணினியின் முகப்புத் திரையிலேயே அந்தக் கோப்புறை இருக்க வேண்டும் என்றார். மேசைக் கணினியிலேயே நிரலையும் ஓட விட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிற்சாலையில் அந்தச் சொல் வழக்கில் கிடையாது.

பட்டறையில் மூன்று இடத்தில் டேப்லெட் மாட்டினோம். முதல் வாரமே ஒரு தொல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒருவருக்கு 'பூட்டியிருக்கிறது' என்று வந்தது. அதற்கு ஒரு வழி உண்டு. இணைப்பில் ஒரு வரி கூட்டினேன். அதன்பின் புதிதாக வரும் சீட்டு நேராகப் பெரிய ஃபைலுக்குள் போகாது. பக்கத்தில் ஒரு துணை ஃபைலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது போதிய அளவு நிரம்பினாலோ, நிரலை முறையாக மூடினாலோ, அப்போது மொத்தமாகப் பெரியதற்குள் போய்ச் சேரும். எது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள இன்னொரு குட்டி ஃபைலும் முளைக்கும். ஆக, மூன்று ஃபைல். ஒரே ஃபைல், அதுதான் அழகு என்று தொழிற்சாலைத் தலைவர் முன்னால் மார்தட்டிவிட்டு, இப்போது மூன்று என்று போய்த் திருத்துவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நிரலோடு வைத்த விளக்கக் குறிப்பில் நாற்பதாவது வரியில் எழுதிவைத்தேன். அந்தக் குறிப்பை நான் இரண்டு முறை படித்தேன். வேறு யாரும் படித்ததற்குச் சான்றில்லை.

அக்டோபர் மூன்றாம் தேதி, குளிர்பான எந்திரத்தின் முன்னால் முனகாட்டா என்னைப் பிடித்துக்கொண்டார். ஏழாம் எண் பிரஸ்ஸில் வேலை செய்பவர்; ஐம்பத்தெட்டு வயது; ஒப்பந்த ஆட்களை அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்தவர். ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு எங்களிடம் பெயர் கிடையாது. "ஏஜென்சி-சான், அந்தப் பெட்டியை எடுங்க" என்போம். மரியாதைச் சொல்லை மட்டும் விடாமல் ஒட்டிவிடுவோம், நாகரிகமானவர்கள் அல்லவா. காகிதக் காலத்தில் அவர்கள் திக் சீட்டு எழுதினால் அதில் பிரஸ் வரிசையை மேற்பார்க்கும் வரிசைத் தலைவரின் முத்திரை விழ வேண்டும். வரிசைத் தலைவருக்கு அவர்களுடைய திக்கில் எப்போதும் நம்பிக்கை வராது.

"நுகாகா-சான், உங்க மிஷின் என்னை மனுஷன்னு ஒத்துக்கிச்சு," என்றார். "பேட்ஜ் நம்பர் கேட்டுச்சு. குடுத்தேன். வேற ஒண்ணும் கேக்கல. நன்றி சொல்லி நம்பர் வேற குடுத்துச்சு. நூத்தி எண்பத்தொண்ணு." அந்த எண்ணைக் கைபேசியில் குறித்து வைத்திருந்தார்.

என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். ஏழாம் எண் பிரஸ்ஸின் முன்னால் கையைக் காக்கும் ஒளிக்கதிர்த் திரை ஒன்று உண்டு. கை அதைக் கடந்தால் மேலிருந்து இறங்கும் அச்சு அப்படியே நின்றுவிட வேண்டும். காலையில் அது ஒழுங்காக நிற்கிறது. மூன்று மணிநேரம் ஓடிச் சூடேறியதும் நிற்கத் தாமதிக்கிறது. அன்று காலை கை உள்ளே இருக்கும்போதே அச்சு ஒரு சாண் இறங்கிவிட்டதாம். அபாயம் என்ற இடத்தில் 'பெரிது' என்பதை அழுத்தியிருக்கிறார். எங்கள் மேடையில் அதுவரை யாரும் தொடாத பொத்தான் அது.

"வரிசைத் தலைவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். சீட்டு எழுதுங்கன்னாரு. எழுதிட்டேன். இதை யாரு பாப்பாங்க?"

"காச்சோ பாப்பாரு."

"எப்போ?"

"மாசக் கடைசில."

அவர் காப்பி டப்பாவைத் திறந்தபடி சிரித்தார். "அதுவரைக்கும் கைய ரூம்லயே வெச்சுட்டு வரவா?"

நானும் சிரித்தேன். அன்று மாலை பெரிய ஃபைலின் நகல் எடுக்கும் வேலை தானாக ஓடுகிறதா என்று சரிபார்த்தேன். ஓடியது. மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன். காச்சோவின் மேசை என் மேசையிலிருந்து ஒன்பதடி தூரம். எழுந்து போய், ஏழாம் எண் பிரஸ்ஸைப் பாருங்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அதற்காகத்தானே மேடை கட்டியிருக்கிறோம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து ஐந்து எஸ் சோதனை அறிவித்தார்கள். வேண்டாததைக் கழி, வேண்டியதை அடுக்கு, பெருக்கு, அப்படியே வைத்திரு, அதையே பழக்கமாக்கு. ஜப்பானிய மொழியில் ஐந்தும் எஸ்ஸில் தொடங்குகின்றன. ஐந்தையும் எல்லாத் தொழிற்சாலைச் சுவரிலும் காணலாம். வழக்கமாகக் குறடு, துடைப்பம், ஸ்பானர் இவற்றுக்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டு அடுக்குவோம். இந்த முறை கணினித் திரையும் சோதிக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, காச்சோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு தன் முகப்புத் திரையைப் பெருக்க உட்கார்ந்தார்.

நடந்ததைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார், பெருமையாகத்தான். கோப்புறைக்குள் பெரிய ஃபைலுக்குப் பக்கத்தில் பெயர் விளங்காத இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒரே ஃபைல் என்று நுகாகா சொன்னான், அப்படியானால் இவை குப்பை. அழித்தார். பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்க முடியாது என்று கணினி சொன்னது. மறுபடியும் அழித்தார். மறுபடியும் சொன்னது. மின்செருகியைப் பிடுங்கினார். மறுபடி செருகி, கணினி விழித்ததும் நிரலைத் தொடுவதற்கு முன்பே இரண்டையும் அழித்தார். கழிப்பது என்றால் முழுமையாகக் கழிப்பது என்பதால் குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். பிறகு நிரலைச் சொடுக்கினார். பெரிய ஃபைல் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் திறந்துகொண்டது. சிவப்புக் கோடு எதுவும் வரவில்லை. ஒவ்வொரு தகவலும் அறிவித்த வகையிலேயே இருந்தது. இருந்தவற்றில், அதாவது.

திங்களன்று தலைமையக ஆட்கள் அந்தத் திரையைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தொழிற்சாலைக்கு முன்மாதிரி முகப்புத் திரை என்று சட்டமிட்ட பாராட்டுப் பத்திரம் வந்தது.

பத்திரம் வந்த வாரத்திலேயே காச்சோவின் வரைபடம் இறங்கியிருந்தது. அந்த மாதச் சீட்டுகளில், அவர் முன்பு எண்ணியதைவிடப் பதினெட்டு குறைவு. காரணம் தேடுவதற்குப் பதிலாக அவர் காலைக் கூட்டத்தில் பேசினார். நம்மிடம் திக்கென்று ஆகும் திறன் மங்கிவருகிறது என்றார். உணர்ச்சி மரத்துப்போன பட்டறையில்தான் விபத்து நடக்கும் என்றார். அன்றைக்கே ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்று அவரும் ஒன்று எழுதினார்: நுழைவாயிலில் ஈரக்குடை, வழுக்கப் பார்த்தது, அபாயம் சிறிது. பதினெட்டு எங்கே போயிற்று என்று நான் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அவருடைய சொற்பொழிவை வீட்டில் நடித்துக் காட்டுவதில் மும்முரம்.

இருபத்தாறாம் தேதி காலை பத்து ஐம்பதுக்கு, ஏழாம் எண் பிரஸ் முனகாட்டாவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும். பிரஸ் மூன்று மணிநேரத்துக்கு மேல் ஓடியிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, குளிர்ந்து கிடந்த எந்திரத்தைச் சோதித்தார்கள். ஒளிக்கதிர்த் திரை கச்சிதமாக வேலை செய்தது. சூடானால்தான் தாமதிக்கும் என்று முனகாட்டா ஆஸ்பத்திரியிலிருந்து ஏஜென்சி வழியாகச் சொல்லி அனுப்பினார். முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன், எண் நூற்றி எண்பத்தொன்று என்றும் சொல்லி அனுப்பினார். அந்தச் சீட்டு இருந்தால் நிறுவனம் தெரிந்தே விட்டுவிட்டது என்றாகும். இல்லையென்றால் அவர் அவசரத்தில் கையை விட்டார், விட்டபிறகு கதை சொல்கிறார் என்றாகும். காப்பீட்டுச் சிகிச்சை எப்படியும் கிடைக்கும். ஆனால் 'சொந்தக் கவனக்குறைவு' என்று ஒரு முறை எழுதப்பட்ட ஐம்பத்தெட்டு வயதுக்காரரை, எட்டு விரலோடு, இந்த மாவட்டத்தில் எந்த ஏஜென்சியும் மறுபடி எடுக்காது. ஏஜென்சி எடுக்காவிட்டால் அவர் இருக்கும் அறையும் போய்விடும். அது ஏஜென்சியின் விடுதி.

சின்னக் கூட்ட அறையில், எல்லார் முன்னாலும், நானே நூற்றி எண்பத்தொன்றைத் திறந்தேன். ஈரக்குடை. எழுதியவர்: குரிபயாஷி.

காச்சோ சொன்னார், நிஜமான இரக்கத்தோடு: "பாவம், வலியில வாய்க்கு வந்த நம்பரைச் சொல்றாரு."

அன்று மதியத்துக்குள் எனக்கு விளங்கிவிட்டது. நிரல் ஒவ்வொரு சேமிப்புக்கும் நேரமும் எண்ணும் குறிக்கும் ஒரு பதிவேடு வைத்திருந்தது. என்ன எழுதினார்கள் என்பது அதில் இராது. அக்டோபர் மூன்று, காலை பதினொன்று இரண்டு, ஏழாம் எண் பிரஸ் பக்கத்து டேப்லெட், எண் நூற்றி எண்பத்தொன்று, சேமிக்கப்பட்டது. பதினேழாம் தேதி, காச்சோவின் கணினி, எண் நூற்றி எண்பத்தொன்று, சேமிக்கப்பட்டது. ஒரே எண் இரண்டு முறை. துணை ஃபைலில் இருந்த பதினெட்டு சீட்டும் காற்றோடு போய், பெரிய ஃபைல் தனக்குத் தெரிந்த கடைசி எண்ணிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியிருக்கிறது. நகலைத் தேடினேன். தினமும் தவறாமல் எடுத்த நகல்கள் இருந்தன, எல்லாம் பெரிய ஃபைலின் நகல்கள். துணை ஃபைலை நகலெடுக்கச் சொல்ல நானே மறந்திருந்தேன்.

காச்சோவைப் புகைபிடிக்கும் மூலையில் பிடித்தேன். அவர் தன் மின்செருகி வீரத்தை விவரித்தது அப்போதுதான்.

"அதுக்குள்ளதான் அவர் எழுதினது இருந்துச்சு, காச்சோ."

அவர் சிகரெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஃபைல்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"நான் அந்த ஒண்ணைத் தொடவே இல்லையே."

அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. கையில் துடைப்பம், அவ்வளவுதான்.

நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பதிவேட்டுத் தாளை இணைத்துச் சுற்றுக்கு விட்டேன். எங்களிடம் எந்த அறிக்கையும் ஐந்து மேசை சுற்றி, ஐந்து முத்திரை வாங்கிக்கொண்டுதான் மேலே போகும். முதல் மேசையில் 'அழிக்கப்பட்டது' என்பது 'ஒழுங்குபடுத்தப்பட்டது' ஆயிற்று. இரண்டாவதில் 'பதினெட்டு சீட்டுகள்' என்பது 'சில தகவல்கள்'. மூன்றாவதில் குண்டூசி கழன்று பதிவேட்டுத் தாள் உதிர்ந்திருந்தது. நான்காவது மேசைக்காரர் ஒன்றும் மாற்றவில்லை, ஒரு காற்புள்ளி சேர்த்தார். ஐந்தாவது டோக்கிவா. அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார்.

"நுகாகா-சான், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கட்டின சிஸ்டம் எழுதினதைத் தொலைக்கும்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்களா?"

"சிஸ்டம் தொலைக்கலைங்க. ஃபைலை எடுத்துட்டாங்க."

"அப்ப சிஸ்டத்துல குறை இல்ல."

"இல்லைங்க."

"அதைத்தான் நானும் நெனச்சேன்," என்று என் தோளைத் தட்டினார். "அருமையா கட்டியிருக்கீங்க. மத்த ரெண்டு தொழிற்சாலைக்கும் இதையே கேக்கறாங்க."

அறிக்கை அவர் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. அது மறுபடி வெளியே வந்து நான் பார்க்கவில்லை.

தொழிலாளர் ஆய்வாளர் நவம்பர் ஆறாம் தேதி வந்தார். முப்பது வயதுகூட இராத பெண். கையில் சின்னக் குறிப்பேடு. கேள்விகளை நேராகக் கேட்டார். எந்திரத்தைப் பார்த்தார், வரிசைத் தலைவரைக் கேட்டார். வரிசைத் தலைவருக்கு எதுவும் நினைவில்லை. கடைசியாக என்னிடம் வந்தார். காச்சோ எனக்கு இடப்பக்கம், டோக்கிவா வலப்பக்கம். என் பையில் பதிவேட்டின் இன்னொரு பிரதி இருந்தது. வேண்டுமென்றுதான் எடுத்து வைத்திருந்தேன்.

"இந்த அமைப்புல ஒருத்தர் சேமிச்ச சீட்டு காணாமப் போக வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டார்.

ஒரு வரிப் பதில் போதும். ஆமாம், அக்டோபர் பதின்மூன்றாம் தேதி போயிற்று, இதோ தாள். ஆனால் அவர் அமைப்பு என்றார். அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. என் ஐந்து வரியைச் சந்தேகிக்கிறாள் இந்தப் பெண் என்று தோன்றிவிட்டது. வகைகளைப் பற்றிச் சொன்னேன். தவறான தகவல் உள்ளே நுழையவே முடியாது என்றேன். ஒரு சீட்டு முழுதாகச் சேமிக்கப்படும், அல்லது சேமிக்கப்படவே படாது, பாதியில் நிற்காது என்றேன். எல்லாம் உண்மை. நான்கு நிமிடம் பேசியிருப்பேன், நன்றாகவே பேசினேன்.

"அப்ப, அமைப்பு எதையும் தொலைக்காது," என்று எழுதியபடியே சொன்னார்.

"அமைப்பு தொலைக்காதுங்க."

அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். யாராவது அழித்தால், என்று அவர் கேட்டால் சொல்லிவிடுவதாக இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தாளின் ஓரம் விரலில் பட்டது. அவர் குறிப்பேட்டை மூடி, தலை தாழ்த்தி நன்றி சொன்னார். நாங்கள் மூவரும் அதைவிடத் தாழ்வாகக் குனிந்தோம்.

முடிவு இருபதாம் தேதி அறிவிப்புப் பலகையில் ஏறியது. காரணம்: பணியாளரின் உறுதிப்படுத்தல் போதாமை. நடவடிக்கை: ஒவ்வொரு பிரஸ்ஸின் முன்னாலும் 'கையா? சரி!' என்று விரல் நீட்டி உரக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குதல். ஏழாம் எண் பிரஸ்ஸுக்குப் புது ஆள் வந்தார். அவரும் ஏஜென்சி-சான்தான். முதல் நாளே நன்றாக உரக்கச் சொன்னார்.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, ஒரு பெட்டி மாண்டரின் ஆரஞ்சோடு முனகாட்டாவின் விடுதிக்குப் போனேன். ஆறு பாய் விரிக்கும் அளவு அறை. துணிகளைப் பாதி பெட்டியில் அடுக்கியிருந்தார். இடக்கையாலேயே தேநீர் ஊற்றினார், கொஞ்சம் சிந்தியது. நான் துடைக்கப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நான் எழுதினேன் இல்ல, நுகாகா-சான்?" என்றார். "எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு. ராத்திரி படுத்தா, அவங்க சொல்ற அந்தக் குடையைப் பத்தித்தான் எழுதினேனோன்னு தோணுது."

"எழுதினீங்க. நூத்தி எண்பத்தொண்ணு உங்களோடதுதான். எனக்குத் தெரியும்."

நெடுநேரம் என்னைப் பார்த்தார். தெரிந்ததை எங்கே சொன்னாய் என்று கேட்பார் என்று இருந்தேன். கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லையோ என்னவோ. மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

வேலையிலிருந்து விலகும் கடிதம். சொந்தக் காரணங்களால் விலகுகிறேன் என்று அவராக எழுதிக் கொடுத்தால் புத்தாண்டு முடியும்வரை அறையில் இருக்கலாம் என்று ஏஜென்சி சொல்லியிருக்கிறதாம். கடிதம் கையால்தான் எழுதப்பட வேண்டும். இடக்கை இன்னும் பழகவில்லை. மூன்று தாள் வீணாகிவிட்டது என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இத்துடன் சொந்தக் காரணங்களால், நவம்பர் முப்பதாம் தேதியோடு, விலகிக்கொள்கிறேன். இதுவரை காட்டிய பரிவுக்கு நன்றி. ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"உங்களுக்குக் கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.